வெல்வெட்டில் விழுந்த முகம்

அத்தியாயம் 17

சிலுவைராஜ் வீட்டை விட்டுப் போய் நான்கு வருடமும் இரண்டு மாதமும் ஆகியிருந்தன.

அவனுடைய கல்யாணப் பத்திரிகை அச்சாகியிருந்தது. கோயிலில் மூன்று ஞாயிறு வாசித்து அறிவிக்க வேண்டிய கல்யாண ஓலையில் இரண்டு வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஓலை வாசிக்க வேண்டிய வாரத்தில், "என்னால் முடியவில்லை. யார் மேலும் கோபம் இல்லை. மன்னித்துவிடுங்கள்" என்று எழுதிய சீட்டை அரிசி டின்னின் மேல் வைத்துவிட்டு அவன் சிங்கப்பூரிலிருந்து நாகப்பட்டினம் கப்பல் ஏறிவிட்டான். போய்ச் சேர்ந்ததாக ஒரு தபால் அட்டை வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

சீட்டைப் படித்த அன்றைக்கே அவனுடைய அப்பா இயேசுதாசன் சொல்லிவிட்டார். "இனிமே அந்தப் பேரு இந்த வீட்டுல கேக்கக் கூடாது."

இருபத்து நான்கு வருடமாகக் கணவரை 'சிலுவை அப்பா' என்று கூப்பிட்டு வந்த மதலேனா, மறுநாளிலிருந்து 'பிரிஜட் அப்பா' என்று கூப்பிடப் பழகிக்கொண்டாள். வாயைப் பழக்கிவிடலாம். மற்றதைப் பழக்க அவளால் முடியவில்லை.

இன்று, 1986 ஜூன் மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூன் லே அடுக்குமாடி வீட்டின் சமையலறையில் மதலேனா விடிவதற்கு முன்பே எழுந்து வேலைகளை முடித்துவிட்டு, சேலை உடுத்தி, பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

மகள் பிரிஜட் தலை வாரிக்கொண்டே வந்தாள். "என்னம்மா, பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு லா. அதுக்குள்ள ரெடியா?"

"தூக்கம் வரல."

தூத்துக்குடியில் மதலேனாவின் தம்பி இஞ்ஞாசியின் மகளுக்குப் போன மாதம் கல்யாணம் நடந்தது. முழங்கால் வலியால் மதலேனாவால் போக முடியவில்லை. இங்கே இருக்கும் சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்க்கட்டும் என்று இஞ்ஞாசி கல்யாண வீடியோவை அனுப்பியிருந்தான். இன்று பூசை முடிந்ததும் மாதாகோயிலின் பங்கு மண்டபத்தில், பெரிய திரையில் அதைப் போடப்போகிறார்கள். மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்திருக்கும் அன்னம்மா அக்கா சாயங்கால ரயிலில் கேசட்டைத் தன்னோடு கொண்டுபோய்விடுவாள். அங்கேயும் சொந்தக்காரர்கள் காத்திருக்கிறார்கள்.

மதலேனா படுக்கையறைக் கதவை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஏன்டி, வீடியோவுல பொண்ணு மாப்பிள்ளைய மட்டும்தான் காட்டுவாங்களா? கூட்டத்தையும் காட்டுவாங்களா?"

பிரிஜட்டின் சீப்பு நின்றது. அம்மா எதைக் கேட்கிறாள் என்று அவளுக்குப் புரிந்தது.

"காட்டுவாங்கம்மா. எல்லாரையும் காட்டுவாங்க."

"அவனுக்கு அந்தப் பொண்ணுன்னா உசுரு. சின்ன வயசுல ரெண்டு பேருக்கும் கடிதப் போக்குவரத்து உண்டு. கல்யாணம்னு கேள்விப்பட்டா..."

அறைக்கதவு திறந்தது. மதலேனா பேச்சை நிறுத்தினாள்.

இயேசுதாசன் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். கப்பல் பட்டறைகளில் முப்பது வருடமாகக் கிரேன் ஓட்டுகிறவர். அதிகம் பேசாதவர்தான். ஆனால் நேற்று கேசட்டைத் தேக்காவில் வீடியோ கடை வைத்திருக்கும் காதர் மைதீனிடம் கொடுத்துவிட்டு வந்ததிலிருந்து, இருந்த பேச்சும் போய்விட்டது. ராத்திரி சாப்பாட்டையும் தொடவில்லை.

"போலாமா?" என்றார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

* * *

பங்கு மண்டபத்தின் திரை சாதாரணத் திரை அல்ல. இருபது வருடத்துக்கு முன்னால் சினிமாஸ்கோப் படம் போடுவதற்காக அப்போதிருந்த பங்குச் சாமியார் கட்டியது. பதினாலு அடி அகலம், ஆறடி உயரம். மேலேயும் கீழேயும் கறுப்பு வெல்வெட் துணி.

காதர் மைதீன் காலையிலேயே வந்துவிட்டிருந்தார். மூன்று கண் வைத்த பெரிய வீடியோ புரொஜெக்டரை நாற்காலி வரிசைகளுக்கு நடுவே மேசை மேல் ஏற்றி, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒன்றாக விழும்படி பொருத்தி முடித்திருந்தார்.

பிரிஜட் திரையையும் மெஷினையும் மாறிமாறிப் பார்த்தாள். இருபத்திரண்டு வயதுதான் என்றாலும், ஜூரோங்கில் தொலைக்காட்சிப் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் நான்காவது வருடம். பெட்டி பெட்டியாகப் படத்தின் அகலமும் உயரமும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துத் திருத்துவதுதான் அவள் வேலை.

"அங்கிள், மெஷின ரொம்பப் பின்னால வச்சிருக்கீங்களே. டிவி படம் கிட்டத்தட்ட சதுரம். இந்தத் திரை நீட்டம். அகலம் முழுசும் நெறையற மாதிரி வச்சா, மேலயும் கீழயும் படம் வெளிய போயிடாதா?"

"கொஞ்சம் போவும்மா." காதர் மைதீன் அவள் முகத்தைப் பார்க்காமல் ஒயரைச் சுருட்டினார். "சின்னதா வச்சா ரெண்டு பக்கமும் சும்மா கெடக்கும். பெரிய திரைன்னு வந்த ஜனங்க என்ன சொல்லுவாங்க?"

"தலை வெட்டுப்படுமே?"

"அட, கல்யாணம்தானே? சேலையும் நகையும் தெரிஞ்சா போதும்."

அப்படிப் பேசுகிற மனிதர் அல்ல அவர். ஒரு கேசட்டில் ஒரு கோடு விழுந்தாலும் வாடிக்கையாளரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்பவர். பிரிஜட்டுக்கு ஆச்சரியமாக இருந்தது. அதற்குள் கூட்டம் வந்துவிட்டது.

நூற்றைம்பது பேர் இருக்கும். ஜன்னல்களுக்குத் திரை இழுத்தார்கள். சாப்பாட்டு மேசையில் வடையும் சர்பத்தும் காத்திருந்தன. முன்வரிசையில் இயேசுதாசன், மதலேனா, அன்னம்மா அக்கா. நாலு வரிசை பின்னால் அந்தோனியம்மாள், இடுப்பில் கைக்குழந்தையோடு.

அவளைப் பார்த்ததும் இயேசுதாசன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிலுவைராஜுக்குப் பேசி முடித்திருந்த பெண் அவள்; மூன்றாவது ஓலை வாசிக்கப்படாமல் போனது அவளுடைய பெயருக்குத்தான். அடுத்த வருடமே தோ பாயோவில் நல்ல இடத்தில் கல்யாணமாகிவிட்டாள். இருந்தாலும் கோயிலில் அவள் எதிரே வந்தால் அவர் வேறு வாசல் வழியாகப் போய்விடுவார்.

படம் ஓடத் தொடங்கியது.

திரை முழுக்கக் கல்யாணம். மணப்பெண்ணின் சேலை பதினாலு அடிக்கு விரிந்தது. மண்டபமே 'ஆ' என்றது. அடுத்த நிமிடம் சிரிப்பு. பீடத்தில் நின்ற சாமியாருக்குக் கழுத்துக்கு மேல் ஒன்றுமில்லை.

"ஃபாதருக்குத் தலை எங்கே லா?" என்று யாரோ கத்தினார்கள்.

மதலேனா சிரிக்கவில்லை. அவள் மணப்பெண்ணைப் பார்க்கவில்லை, மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் ஒவ்வொரு ஆளாகத் தேடிக்கொண்டிருந்தாள். உட்கார்ந்திருப்பவர்களின் முகம் தெரிந்தது. நிற்பவர்களுக்கு மார்பு வரைதான் இருந்தது.

பூசை முடிந்து மணமக்கள் கோயிலை விட்டு இறங்கினார்கள். வாசல் படிக்கட்டு முழுக்க ஜனம். கீழ்ப்படிகளில் குழந்தைகள், நடுவில் பெண்கள், மேல்படியில் ஆண்கள். மேல்படிக்காரர்கள் எல்லாரும் தலையில்லாத சட்டைகள்.

வலது ஓரத்தில் நீலக் கட்டம் போட்ட ஒரு சட்டை.

மதலேனா முன்னால் சாய்ந்தாள்.

அந்தச் சட்டைக்காரனின் வலது தோளில் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தது. குழந்தைக்கும் இடுப்புக்கு மேல் இல்லை. கொலுசு போட்ட ஒரு கால் மட்டும் அவன் மார்பில் தொங்கியது. இடது தோள் வெறுமையாக இருந்தது. அது வலது தோளை விட ஒரு விரற்கடை இறங்கியிருந்தது.

ஏழு வயதில் பிளாக் படிக்கட்டில் உருண்டு காறை எலும்பை முறித்துக்கொண்டான் சிலுவை. எலும்பு கூடியது. தோள் பழையபடி நிமிரவில்லை. ஈஸ்டரோ கிறிஸ்துமஸோ, அவனுக்குச் சட்டை தைக்கும்போதெல்லாம் "இடது பக்கம் கொஞ்சம் இறக்கி வைங்க" என்று தையல்காரரிடம் சொன்னவள் அவள்தான்.

"நிறுத்துங்க!"

அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"நிறுத்துங்க தம்பி! அந்த எடத்துல நிறுத்துங்க!"

காதர் மைதீனின் விரல் பொத்தானில் விழுந்தது. படிக்கட்டுக் கூட்டம் அப்படியே உறைந்து லேசாக நடுங்கியது.

"மதலேனா, உக்காரு," என்றார் இயேசுதாசன்.

"சிலுவை அப்பா... அது நம்ம சிலுவைங்க."

நான்கு வருடமாகச் சொல்லாத பெயர். பின்வரிசையில் யாரோ குழந்தையைத் தட்டிக்கொடுக்கும் ஓசை மட்டும் கேட்டது.

"தலையே தெரியல, எப்படி மதலேனா சொல்ற?" என்று அன்னம்மா அக்கா கையைப் பிடித்து இழுத்தாள்.

"எனக்குத் தெரியும் அக்கா. தம்பி, அவன் மொகத்தக் காட்டுங்க. கொஞ்சம் சின்னதாக்கிக் காட்டுங்க."

காதர் மைதீன் இயேசுதாசனைப் பார்த்தார். ஒரு கணம்தான். பிரிஜட் அதைக் கவனித்தாள்.

"மெஷின இப்ப நகத்த முடியாதுக்கா. நகத்தினா சிவப்பு ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம் போயிரும். மறுபடி சேக்க ஒரு மணி நேரமாவும்."

மதலேனா திரும்பித் திரையைப் பார்த்தபடி நின்றாள். ஆறடி உயரத் திரையில் அவள் மகன் கழுத்து வரைக்கும் இருந்தான்.

"நகத்த வேணாம் அங்கிள்," என்றாள் பிரிஜட். நாற்காலிகளுக்கு நடுவே முன்னால் வந்தாள். "படம் எங்கயும் போகல. மேல அந்தக் கறுப்புத் துணியிலதான் விழுது. கறுப்பா இருக்கறதால நம்ம கண்ணுக்குத் தெரியல. வெள்ளையா ஏதாச்சும் துணி குடுங்க."

யாரும் அசையவில்லை. மற்றவர் வீட்டு விஷயம். அதுவும் இந்த விஷயம்.

பின்னால் தட்டுகளை நகர்த்தும் சத்தம் கேட்டது. அந்தோனியம்மாள் வடைத் தட்டுகளைத் தள்ளி வைத்துவிட்டு, சாப்பாட்டு மேசையின் வெள்ளை விரிப்பை ஒரு கையால் உருவினாள். இடுப்புக் குழந்தையோடு நடுவழியாக நடந்து வந்து அதை நீட்டினாள்.

"இந்தா பிரிஜட். எனக்கும்தான் பாக்கணும், ஆளு நல்லா இருக்கானான்னு."

இயேசுதாசன் தலை குனிந்தது.

விளக்கு மாட்டும் ஏணியை இரண்டு பேர் கொண்டுவந்து மேடையில் சாய்த்தார்கள். பிரிஜட் ஏறினாள். கையை எட்டும் மட்டும் நீட்டினாள். போதவில்லை. விரிப்பு திரையின் விளிம்பிலேயே தொங்கி ஆடியது. அதில் ஏதோ நிறம் வந்து வந்து போயிற்று.

"எறங்கு."

அப்பா ஏணியின் அடியில் நின்றிருந்தார்.

"அப்பா..."

"எறங்கும்மா. நீ குட்டை."

அவள் இறங்கினாள். அவர் விரிப்பை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார். ஐம்பத்தெட்டு வயது. ஆனால் முப்பது வருடமாகத் தினமும் கிரேன் ஏணி ஏறுகிற கால்கள். கடைசிப் படியில் எதையும் பிடிக்காமல் நிமிர்ந்து நின்று, வெல்வெட்டின் மேல் இரண்டு கைகளாலும் விரிப்பை விரித்துப் பிடித்தார்.

வலது ஓரம். எங்கே என்று மதலேனா சொல்வதற்கு முன்பே அவர் கைகள் அந்த இடத்துக்குப் போய்விட்டன.

சிலுவைராஜின் முகம் துணியில் வந்தது.

மெலிந்திருந்தான். மீசை வைத்திருந்தான். கண்ணுக்குக் கீழே நிழல். ஆனால் அவன்தான், சந்தேகமே இல்லை. தோளில் இருந்த குழந்தை அவன் முடியைப் பிடித்திருந்தது. மஞ்சள் கவுன், இரண்டு வயதிருக்கும். அப்பாவின் வெள்ளைச் சட்டை முதுகில் மகனின் நீலக்கட்டச் சட்டை விழுந்திருந்தது. கொலுசுக் கால் அவருடைய முதுகில் தொங்கியது.

துணிக்கு ஒரு முழம் அருகில் நின்ற இயேசுதாசனுக்கு முகம் தெரியவில்லை. நிறங்கள்தான் தெரிந்தன. ஆனாலும் அவர் கண்ணை எடுக்கவில்லை.

மதலேனா மேடை ஓரத்துக்குப் போய் நின்றாள். கையை உயர்த்தினாள். ஒன்பது அடி உயரத்தில் இருந்தது அவன் கன்னம்.

"ஓட விடட்டுமாக்கா? ரொம்ப நேரம் நிறுத்தினா டேப்பு தேய்ஞ்சிரும்," என்று காதர் மைதீன் மெல்லக் கேட்டார்.

அவள் தலையாட்டினாள்.

முகம் அசைந்தது. சிலுவைராஜ் திரையின் வலது ஓரத்துப் பக்கம் திரும்பி யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரித்தான். அந்தப் பக்கத்திலிருந்து கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை வந்தது. வளையல் வரைக்கும்தான் தெரிந்தது. குழந்தையின் கவுனை இழுத்துச் சரிசெய்தது. பிறகு காட்சி மாறி, பூ ஜோடித்த கார் வந்துவிட்டது.

ஏழு விநாடி இருக்கலாம்.

இயேசுதாசன் இன்னும் துணியைப் பிடித்தபடியே நின்றிருந்தார். காரின் கூரை அவர் கைகளுக்கு மேலே ஓடியது. பிரிஜட் கூப்பிட்ட பிறகுதான் இறங்கினார்.

* * *

மூன்று மணிக்குத் தேக்காவில் காதர் மைதீனின் கடையில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே இரண்டு மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றில் கல்யாணக் கேசட், மற்றதில் அதன் பிரதி. அன்னம்மா அக்கா ரயிலேறுவதற்குள் முடிய வேண்டும்.

மதலேனா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்; அவளுக்குப் பின்னால் பிரிஜட் நின்றாள். இயேசுதாசன் அவர்களுக்கு முதுகைக் காட்டி வாசலைப் பார்த்து நின்றார். வெளியே ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டு போயிற்று.

"நேத்தே பாத்துட்டீங்கல்ல?" என்றாள் மதலேனா.

அவர் ஷட்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க பிடிக்கணும்னு நான் சொல்லவே இல்ல. நேரா போயிப் பிடிச்சீங்க."

"ம்."

"பெரிசா வைக்கச் சொன்னதும் நீங்கதானா?"

காதர் மைதீன் குறுக்கிட்டார். "என் மேல தப்புக்கா. அண்ணன் கேட்டாரு, செஞ்சேன். கேசட்டு நல்லாருக்கான்னு ஓட்டிப் பாக்கறப்ப அண்ணன் பக்கத்துல நின்னாரு. அந்த எடம் வந்ததும் என் கையப் புடிச்சிக்கிட்டாரு. மறுபடி போடு, மறுபடி போடுன்னு... பதினோரு தடவ. டேப்புல கோடு விழுந்துருமோன்னு பயந்துதான் எண்ணினேன்."

மதலேனா கணவரைப் பார்த்தாள்.

"அப்புறம் ஏங்க எனக்கு மறைச்சீங்க?"

இயேசுதாசன் திரும்பினார். முகம் கசங்கியிருந்தது. "இன்னிக்கு வீட்டுக்குப் போயிச் சொல்லலாம்னுதான் இருந்தேன். அத்தன பேரு முன்னாடி, அந்தப் பொண்ணு முன்னாடி, தோள்ல புள்ளையோட அவன் வந்து நின்னா... நீ கத்திருவேன்னு நெனச்சேன்."

"கத்தினேன்."

"ஆமா. கத்தின."

பிறகு மதலேனா நகர்ந்து, ஸ்டூலில் பாதி இடம் விட்டாள். பக்கத்தில் உட்காருவதற்கு அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

பிரதி எடுத்து முடிந்ததும் காதர் மைதீன் அந்தக் காட்சியைக் கடை டிவியில் போட்டார். இங்கே தலை வெட்டுப்படவில்லை. படிக்கட்டும் கூட்டமும் முழுசாகச் சின்னப் பெட்டிக்குள் இருந்தன. சிலுவைராஜ் சிரித்தான். ஆனால் வளையல் கை வரவே இல்லை. கவுன் மட்டும் தானாகச் சரியாயிற்று.

"அந்தக் கை எங்க?" என்று மதலேனா பதறினாள். "மண்டபத்துல பாத்தோமே!"

"இருக்கும்மா." பிரிஜட் கைப்பையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் திருப்புளியை எடுத்தாள். "எந்த டிவியா இருந்தாலும் நாங்க படத்தக் கொஞ்சம் பெரிசாத்தான் வச்சு அனுப்புவோம். ஓரம் தெரிஞ்சா அசிங்கமா இருக்கும்னு, நாலு பக்கமும் ஒரு விரக்கடை சட்டத்துக்குள்ள மறைச்சிருவோம். எல்லா வீட்லயும் அப்படித்தான். யாருக்கும் தெரியாது."

"பின்மூடியத் தெறந்தா ஷாக்கடிக்கும்மா!" என்றார் காதர் மைதீன்.

"ஒரு நாளைக்கு இருநூறு செட்டு பாக்கறேன் அங்கிள். நீங்க ஸ்விட்ச்கிட்ட நில்லுங்க, போதும்."

அவள் பின்மூடியைக் கழற்றி, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மறு கையால் உள்ளே எதையோ மெல்லத் திருகினாள். படம் சுருங்கத் தொடங்கியது. நாலு பக்கமும் கறுப்பு வந்தது. படம் சின்னதாகச் சின்னதாக, இதுவரை இல்லாதவை ஓரங்களில் வந்து நின்றன. இடது பக்கம் ஒரு சைக்கிள். மேலே கோயில் மணியின் அடிப்பாகம். வலது பக்கம்...

வளையல் கை வந்தது. கைக்குப் பின்னால் முழங்கை, பூப்போட்ட சேலை. அதற்குப் பின்னால் முகம்.

பாதி முகம். ஒரு கண், பாதி மூக்கு, பாதிச் சிரிப்பு. சேலை முந்தானை தலையை மூடியிருந்தது. அதோடு படம் கத்தரித்தது போல் முடிந்துவிட்டது.

"இன்னும் கொஞ்சம் திருப்புடி," என்றாள் மதலேனா.

"இதுக்கு மேல இல்லம்மா. கேமரா எடுத்ததே இவ்வளவுதான்."

மதலேனா எழுந்து டிவிக்கு அருகே போனாள். அந்த ஒற்றைக் கண்ணை வெகுநேரம் பார்த்தாள். யாரோ ஒரு பெண். தன் மகனைப் பார்த்துச் சிரிக்கிறாள். அவனைத் தினமும் பார்க்கிறவள் சிரிக்கிற சிரிப்பு அது. அவனுக்கு என்ன சமைத்துப் போடுகிறாள், சட்டையின் இடது தோளைச் சரியாக இறக்கித் தைக்கச் சொல்கிறாளா, காய்ச்சல் வந்தால் நெற்றியில் கை வைப்பது இந்தக் கைதானா... ஒன்றும் தெரியவில்லை.

"அந்தப் புள்ள அவனத்தான் உரிச்சு வச்சிருக்கு," என்றாள். "காதப் பாருங்க."

இயேசுதாசன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"பிரிஜட், பேப்பர் எடு," என்றார் திடீரென்று. "நாளைக்குக் காலைல மொத வேலையா இஞ்ஞாசிக்குத் தந்தி குடுக்கணும்."

அவள் கேசட் அட்டை ஒன்றின் பின்பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டாள். "என்னன்னு எழுதட்டும்?"

"நீ கவனிக்கல போல, சிலுவைராஜ் கல்யாணத்துக்கு வந்திருந்தான். எங்க இருக்கான்னு தேடிப் பிடி." நான்கு வருடத்தில் முதல் தடவையாக அந்தப் பெயரைச் சொன்னார். "கண்டுபிடிச்சு, அம்மா அவனப் பாத்துட்டாள்னு சொல்லு."

"அப்பாவும் பாத்தாருன்னு போடு," என்றாள் மதலேனா. "பதினோரு தடவன்னு போடு."

பிரிஜட் எழுதினாள். பேனாவை எடுக்காமல் கேட்டாள். "வரச் சொல்லவாப்பா?"

"சொல்லு."

"அவன மட்டுமா?"

இயேசுதாசன் சுருங்கிய படத்தைப் பார்த்தார். கறுப்புக்கு நடுவே உள்ளங்கையளவு வெளிச்சத்தில் ஒரு முகம், ஒரு சின்ன முகம், ஒரு பாதி முகம்.

"மூணு பேரையும்," என்றார். "யாரா இருந்தாலும் சரி."

* * *

பதில் தந்தி வியாழக்கிழமை மத்தியானம் வந்தது. பிரிஜட் வேலைக்குப் போயிருந்தாள். அன்று இயேசுதாசனுக்கு விடுப்பு. அவர்தான் கதவைத் திறந்து கையெழுத்துப் போட்டு வாங்கினார். பிரிக்காமல் மதலேனாவிடம் கொடுத்தார். அவள் பிரித்துவிட்டு, கண்ணாடியைத் தேடுவதாகச் சொல்லி அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

ஆங்கில எழுத்தில் அடித்திருந்த தமிழை அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"அவர் நலம். குழந்தை பெயர் மதலேனா. கடிதம் வருகிறது. அதைப் படித்த பிறகும் கூப்பிட்டால் வருகிறோம்."

தந்தி தூத்துக்குடியிலிருந்து வரவில்லை. காயல்பட்டினம் என்றிருந்தது. அனுப்பியது இஞ்ஞாசி இல்லை. சிலுவைராஜும் இல்லை.

"யாரு பேரு போட்டிருக்கு?"

இயேசுதாசன் தாளை ஜன்னல் பக்கம் பிடித்தார். இரண்டு தடவை படித்தார்.

"சம்சுன்னிசா."

சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. மதலேனா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். கணவரின் முகத்தைப் பார்த்தாள்.

பிறகு அந்தப் பெயரை மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். சரியாக வரவில்லை. இன்னொரு தடவை சொன்னாள்.